மொனாக்கோ: இரண்டு சதுர கிலோமீட்டர் நிலம் தனி நாடாக நிலைத்தது எப்படி?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் வரலாறும் புவியியலும் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். "உலகின் மிகச் சிறிய நாடு வாட்டிகன், அதற்கு அடுத்தது மொனாக்கோ" என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேனே தவிர, அதற்கு மேல் அந்த நாட்டைப் பற்றி ஒரு வரிகூட என் மாணவர்களுக்குச் சொன்னதில்லை. தெற்குப் பிரான்சில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்கு அண்மையில் போயிருந்தபோது, நீஸ் நகரத்தில் ரயிலேறி, ஒரு பகல் முழுவதும் அங்கே நடந்து பார்த்தோம்.

ரயில் நின்றது மலைக்குள் குடைந்த நிலையத்தில். மின்தூக்கியில் ஏறி வெளியே வந்தால் ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் கடல், இரண்டுக்கும் நடுவே அடுக்கடுக்காகக் கட்டடங்கள். பாறைமேல் இருக்கும் அரண்மனை வாசலில் 11.55 மணிக்குக் காவலர் மாறும் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, மதியத்துக்குப் பிறகு மேல்தெருக்களில் ஏறிப் போனோம். ஒரு தெருவின் இந்தப் பக்கம் மொனாக்கோ, எதிர்ப்பக்கம் பிரான்ஸ் என்று மகன் காட்டினான். வேலியும் இல்லை, சாவடியும் இல்லை.

ஊர் திரும்பிய பிறகும் மூன்று கேள்விகள் மனத்தை விட்டு அகலவில்லை. நெப்போலியன் முதல் இரண்டு உலகப் போர்கள் வரை எத்தனையோ அரசுகளை விழுங்கிய ஐரோப்பாவில் இந்தச் சிறு பாறை மட்டும் எப்படித் தப்பியது? வருமான வரி வாங்காத அரசு எதைக் கொண்டு நடக்கிறது? அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்று யாராவது இருக்கிறார்களா, இருந்தால் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழஞ்சுவடி (பதில்)

வணக்கம், அம்மா. உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் என்னால் விரிவாகப் பதில் சொல்ல முடியும்.

1215-இல் ஜெனோவா குடியரசினர் அந்தப் பாறையின்மேல் ஒரு கோட்டை கட்டத் தொடங்கினார்கள். ஜெனோவாவில் அக்காலத்தில் இரண்டு கட்சிகள் ஒன்றையொன்று ஊரை விட்டே துரத்திக்கொண்டிருந்தன. அப்படித் துரத்தப்பட்ட கிரிமால்டி குடும்பத்தைச் சேர்ந்த பிரான்சுவா என்பவர், 1297 சனவரி 8 அன்று பிரான்சிஸ்கன் துறவி வேடத்தில் கோட்டைக் கதவைத் தட்டி, உள்ளே நுழைந்தவுடன் அங்கிக்குள் மறைத்திருந்த வாளை உருவி, தம் ஆட்களோடு கோட்டையைக் கைப்பற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அரசுச் சின்னத்தில் இரண்டு துறவிகள் வாளேந்தி நிற்பதை அரண்மனை வாசலில் நீங்கள் கவனித்திருக்கக்கூடும். சில ஆண்டுகளிலேயே கோட்டை கைவிட்டுப் போனாலும், அக்குடும்பம் மீண்டும் மீண்டும் வந்து அதைப் பிடித்தது. அதே மரபின் பெயரைத் தாங்கியவர்தான் இன்று ஆட்சியில் இருக்கிறார். (நம் செய்தித்தாள்கள் அவரை "இளவரசர்" என்று எழுதுவதால், மேலே ஓர் அரசர் இருப்பதுபோன்ற மயக்கம் ஏற்படுகிறது. ஆள்பவரே அவர்தாம் என்பதால், "சிற்றரசர்" என்ற நம் பழஞ்சொல்லே அவருக்கு மிகவும் பொருந்தும் என்பது என் எண்ணம்.)

அவர்கள் பிழைத்த வழி, எந்தக் காலத்தில் யார்மேல் சாய வேண்டும் என்பதை அறிந்திருந்ததுதான். 1524 முதல் ஸ்பெயினின் பாதுகாப்பில் இருந்தார்கள். பாறைமேல் தங்கிய ஸ்பானியப் படைக்குத் தீனி போடுவதே பெரும் சுமையானபோது, இரண்டாம் ஒனோரே 1641-இல் பெரோன் ஒப்பந்தத்தின் வழியாகப் பிரான்சின் பக்கம் சாய்ந்து அப்படையை வெளியேற்றினார். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-இல், நாடு பிரான்சோடு இணைக்கப்பட்டது. 1814-இல் திரும்பக் கிடைத்து, மறு ஆண்டே சார்டினிய அரசின் பாதுகாப்புக்கு மாற்றப்பட்டது. ஆகவே மொனாக்கோ தப்பவே இல்லை என்றும் சொல்லலாம். விழுங்கப்பட்டு, இருபது ஆண்டுகள் கழித்து வெளியே வந்தது.

ஆனால் இன்றைய மொனாக்கோவை உருவாக்கியது கோட்டையோ ஒப்பந்தமோ அன்று, எலுமிச்சைப் பழம் என்றுதான் நான் சொல்வேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அது பாறையும் துறைமுகமும் மட்டுமன்று, கிழக்கே ரோக்புரூன், மாந்தோன் என்ற இரண்டு ஊர்களும் அதற்குச் சொந்தம். நாட்டின் நிலத்தில் மிகப் பெரும் பகுதி அவ்வூர்களில் இருந்தது. எலுமிச்சையும் ஒலிவ எண்ணெயும் விளைந்ததால் அரசுக்கு வருவாயும் அங்கிருந்தே வந்தது. ஐந்தாம் ஒனோரே அந்த விளைச்சலின்மேல் தீர்வை விதித்தார். அதோடு நில்லாமல், அரசு அனுமதித்த ஒரே குத்தகைதாரரிடமிருந்துதான் மக்கள் ரொட்டி வாங்க வேண்டும் என்றும் ஆக்கினார். மாவின் தரமோ மிக மோசம். உண்ணும் உணவில் கை வைத்த அரசை எந்த மக்களும் மறப்பதில்லை. 1848-இல் ஐரோப்பா முழுவதும் கிளர்ச்சி பரவியபோது, மாந்தோனும் ரோக்புரூனும் தங்களைச் சுதந்திர நகரங்கள் என்று அறிவித்துப் பிரிந்துவிட்டன.

1860-இல் நீஸ் பிரான்சுக்குப் போனது. 1861 பிப்ரவரி 2 அன்று, தம்மால் மீட்கவே முடியாத அந்த இரண்டு ஊர்களையும் மூன்றாம் சார்லஸ் 40 லட்சம் பிராங்குக்குப் பிரான்சிடம் விட்டுக்கொடுத்தார். பணத்தைவிடப் பெரியவை இரண்டு கிடைத்தன. ஒன்று, மொனாக்கோ தனி அரசு என்ற ஒப்புதல். மற்றொன்று, நீஸிலிருந்து கடலோரமாகச் சாலை அமைத்துத் தருவோம், ரயில் பாதையையும் மொனாக்கோ வழியாகவே கொண்டுவருவோம் என்ற பிரான்சின் உறுதி.

எஞ்சியது பாறையும், ஆயிரத்துச் சொச்சம் மக்களும், கடன்களும். விளைநிலமே இல்லாத நாடு வருவாய்க்கு எங்கே போகும்? பிரான்சில் 1837-ஆம் ஆண்டின் முடிவோடு சூதாட்ட விடுதிகள் மூடப்பட்டிருந்தன. அங்கே தடை செய்யப்பட்டதை இங்கே அனுமதித்தால் ஆட்கள் வருவார்கள் என்பது அரண்மனையின் கணக்கு. 1856-லேயே ஒரு சூதாட்டக் கூடம் திறந்து பார்த்தார்கள். ஆனால் வந்து சேரச் சரியான பாதையே இல்லாததால் மேசைகள் காலியாகக் கிடந்தன, உரிமம் பெற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கைவிட்டுப் போனார்கள். 1863-இல், ஜெர்மனியின் பாட் ஹோம்பர்க் ஊரில் சூதாட்ட விடுதி நடத்திப் பெயர் பெற்றிருந்த பிரான்சுவா பிளாங்க் உரிமத்தை வாங்கி, "கடல் நீராட்டுக் கழகம்" என்ற பொருள்படும் பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். குகைகள் நிறைந்த ஒரு மேட்டு நிலம் 1866-இல் சார்லஸின் பெயரால் மான்டே கார்லோ ஆயிற்று. 1868-இல் ரயில் வந்தது. 1869-இல் நேரடி வரிகள் நீக்கப்பட்டன. வருமான வரி இல்லாத நாடு என்ற பெயரின் வேர் அந்த ஆண்டில் இருக்கிறது. வரியால் இரண்டு ஊர்களை இழந்த அரசு எடுத்த முடிவு அது என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

தம் குடிமக்கள் அந்தச் சூதாட்ட மேசைகளில் அமரக் கூடாது என்ற தடையும் அக்காலத்திலேயே வந்தது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

வைகைக்கரை

ஐயா, மிக்க நன்றி. வகுப்பறையில் நின்றிருந்த காலத்தில் இது தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியானால் இன்றும் அந்த நாடு சூதாட்ட வருமானத்தில்தான் நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கணக்கர் (பதில்)

இல்லை, அம்மா. அரசு வருவாயில் இன்று சூதாட்டத்தின் பங்கு மிகவும் சிறியது. பாதிக்குச் சற்றேறக்குறைய வருவது மதிப்புக் கூட்டு வரியிலிருந்து. மறைமுக வரித் துறையில் நெடுங்காலம் பணிபுரிந்தவன் என்பதால் இந்த ஏற்பாட்டை ஆர்வத்தோடு படித்தேன்.

மொனாக்கோ 1865 முதலே பிரான்சோடு சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. அங்கே நீங்கள் ஒரு காபி குடித்திருந்தாலும் பிரான்சில் விதிக்கப்படும் அதே விகிதத்தில் மதிப்புக் கூட்டு வரி செலுத்தியிருப்பீர்கள். அதோடு, வீடுகளும் மனைகளும் கைமாறும்போது வாங்கும் பதிவுக் கட்டணம் இருக்கிறது. சதுர மீட்டருக்குச் சராசரியாக 50,000 யூரோவுக்கு மேல் விலை போகும் இடத்தில் ஒரு பத்திரப்பதிவுக்கே எவ்வளவு சேரும் என்று பாருங்கள். நாட்டுக்கு வெளியே 25 விழுக்காட்டுக்கு மேல் வணிகம் செய்யும் நிறுவனங்கள் இலாப வரியும் கட்ட வேண்டும். "வரியே இல்லாத நாடு" என்ற பேச்சு அதனால் பாதி உண்மைதான். தனிமனிதரின் வருமானத்துக்கு வரி இல்லை, செலவுக்கு உண்டு.

அந்தப் பாதி உண்மையிலும் ஒரு விலக்கு இருக்கிறது, அதன் பின்னே ஒரு நெருக்கடியும் இருக்கிறது. பிரான்சின் செல்வர்களும் நிறுவனங்களும் முகவரியை மட்டும் மொனாக்கோவுக்கு மாற்றிக்கொண்டு வரியைத் தவிர்ப்பதைப் பொறுக்காத அதிபர் தெகோல், 1962-இல் நெருக்கத் தொடங்கினார். பேச்சு முறிந்த பிறகு, அக்டோபர் 12-ஆம் தேதி நள்ளிரவில் பிரெஞ்சுச் சுங்கத் துறையினர் மொனாக்கோவுக்குச் செல்லும் சாலைகளில் வந்து நின்று வண்டிகளைச் சோதிக்கத் தொடங்கினார்கள். நீங்கள் வேலியே இல்லை என்று கண்ட அந்தத் தெருக்களில் அந்த இரவில் எல்லை முளைத்தது. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் சாலைக்கும் பிரான்சையே நம்பியிருந்த நாடு அதற்கு மேல் எதைச் செய்ய முடியும்? 1963 மே மாதம் உடன்பாடு கையெழுத்தாயிற்று. 1962 அக்டோபர் 13 அன்று ஐந்தாண்டுக் குடியிருப்பை நிறுவ முடியாத பிரெஞ்சுக் குடிமக்கள், மொனாக்கோவில் வாழ்ந்தாலும் பிரான்சுக்கு வருமான வரி கட்டியே ஆக வேண்டும். மற்ற நாட்டவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

அக்காலத்தில் ஆண்ட மூன்றாம் ரெய்னியரை, கிரேஸ் கெல்லியை 1956-இல் மணந்தவர் என்ற அளவில்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது அவருக்குச் செய்யும் குறை என்றே எனக்குப் படுகிறது. சூதாட்ட நிறுவனத்தின் பங்குகளை 1950-களில் கப்பல் முதலாளி ஓனாசிஸ் வாங்கிக் குவித்திருந்தார். நாட்டின் மிகப் பெரிய முதலாளி ஒரு வெளியாராக இருப்பதை ரெய்னியர் ஏற்கவில்லை. 1966-இல் 6,00,000 புதிய பங்குகளை உருவாக்கி அரசின் பெயரில் வாங்கச் செய்ததால் பெரும்பான்மை அரசிடம் வந்தது, ஓனாசிஸ் தம் பங்கை விற்றுவிட்டு விலகினார். கடலை மேடாக்கி 22 ஹெக்டேரில் ஃபோன்வியேய் பகுதியை உருவாக்கியதும் அவர் காலத்தில்தான். அங்கே அழகுப் பொருள், மருந்து, வாகன உதிரிப் பொருள் செய்யும் தொழிற்கூடங்களும் வந்தன. அப்படி நிலத்தைக் கடலிடம் வாங்கும் வேலை இன்னும் ஓயவில்லை. 6 ஹெக்டேர் பரப்பில் மாரேதெர்ரா என்ற புதிய பகுதி 2024 திசம்பரில் திறக்கப்பட்டது.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் ஏற்றுக்கொண்ட காலத்துக்கு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. கறுப்புப் பணத் தடுப்புக்கான பன்னாட்டு அமைப்பு 2024 சூனில் மொனாக்கோவைக் கூடுதல் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது.

நீஸ்நகர்வாசி (பதில்)

வைகைக்கரை டீச்சருக்கு வணக்கம். நான் புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சுக் குடியுரிமையோடு இங்கே வந்தவன். பதினேழு ஆண்டுகளாக மொனாக்கோவில் ஒரு பெரிய ஓட்டலின் சமையற்கூடத்தில் வேலை. நீங்கள் வந்த அதே ரயிலில்தான் நாள்தோறும் போய்வருகிறேன். உங்கள் மூன்றாவது கேள்விக்கு, கண்ணால் கண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

மொனாக்கோவில் குடியிருப்பவர்கள் ஏறத்தாழ 39,000 பேர். அவர்களில் அந்நாட்டுக் குடிமக்கள் நான்கில் ஒரு பங்கினர்தான். அவர்கள் எல்லாரும் கப்பல் வைத்திருக்கும் கோடீசுவரர்கள் அல்லர். ஆசிரியர், நகராட்சி ஊழியர், சூதாட்டக் கூடத்தில் சீட்டு விளையாட்டை நடத்துபவர், கடைக்காரர் என்று நம்மைப் போன்றவர்களே மிகுதி. சந்தை விலைக்கு அவர்களால் அங்கே ஓர் அறைகூட எடுக்க முடியாது. அதனால் அரசே அடுக்குமாடிகள் கட்டிக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கிறது. வேலையிலும் குடிமக்களுக்கே முதலிடம் என்பது சட்டம். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அப்படிப்பட்ட வீட்டில்தான் பிறந்தார், அவர் மகளுக்கும் அதே கட்டடத்தில் வீடு கிடைத்தது. அவர் தாயார் வரிசையில் காத்திருந்த ஆண்டுகளைப் பற்றி இன்றும் சொல்லுவார்.

மனத்துக்கு நெருடலாக இருப்பது இன்னொரு பிரிவினரின் நிலை. மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாத பிரெஞ்சு, இத்தாலியக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களை "நாட்டின் பிள்ளைகள்" என்று அன்பாகவே அழைக்கிறார்கள். அங்கே பிறந்தால் மட்டும் குடியுரிமை வந்துவிடாது, விண்ணப்பித்தாலும் முடிவு ஆள்பவருடையது. 1947-க்கு முன் கட்டிய பழைய வீடுகளில் அவர்களுக்கு வாடகைப் பாதுகாப்பு உண்டு. ஆனால் பழைய வீடுகளை இடித்து இடித்துக் கோபுரங்கள் எழுகின்றனவே, அந்த வீடுகள் இன்னும் எத்தனை நாளைக்கு நிற்கும்?

பிறகு எங்களைப் போன்றவர்கள். குடியிருப்போர் தொகையைவிடப் பெரிய கூட்டமாக, 50,000-க்கும் மேற்பட்டோர் பிரான்சிலிருந்தும் இத்தாலியின் வென்டிமிலியா பக்கத்திலிருந்தும் காலையில் வந்து மாலையில் திரும்புகிறோம். காலை ரயிலில் நிற்க இடம் கிடைத்தால் நல்ல நாள். ஒரு ரயில் நின்றுபோனால் அன்று பல சமையற்கூடங்களில் அடுப்பு தாமதமாகத்தான் எரியும். நீங்கள் பார்த்த அந்த எல்லைத் தெருவுக்கு மேலே இருப்பது பிரான்சின் பொசொலெய் ஊர். மொனாக்கோவில் துப்புரவும் கட்டட வேலையும் செய்யும் பலர் அங்கே குடியிருக்கிறார்கள். மலைச்சரிவு என்பதால் அரசு ஊர் முழுக்கப் பொது மின்தூக்கிகளும் நகரும் படிகளும் வைத்திருக்கிறது, அதில் யாருக்கும் கட்டணம் இல்லை. வேலை முடிந்து கால் வலியோடு ஏறும்போது அந்த நாட்டை மனமார வாழ்த்துவேன். நான் அங்கேயே குடியேறினாலும் எனக்கு வரி விலக்கு கிடையாது, கணக்கர் ஐயா சொன்ன 1963 உடன்பாடு என்னையும் கட்டும்.

மொழியைப் பற்றிச் சொல்லாவிட்டால் தமிழனாக எனக்கு நிறைவு வராது. ஆட்சிமொழி பிரெஞ்சு. ஆனால் மண்ணின் மொழி மொனேகாஸ்க், ஜெனோவாப் பக்கத்து லிகூரிய மொழியின் ஒரு கிளை. எழுத்திலே இல்லாமல் வீட்டுக்குள் மட்டுமே பேசப்பட்டு, மெல்ல மறைந்துகொண்டிருந்த அந்தப் பேச்சுக்கு லூயி நொத்தாரி என்பவர் 1920-களில் இலக்கியம் படைத்துக் கொடுத்தார். நாட்டுப்பண்ணும் அவர் எழுதிய சொற்களில்தான் பாடப்படுகிறது. 1976 முதல் பள்ளிகளில் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். பாறைமேல் இருக்கும் பழைய ஊரில் தெருப்பலகைகள் இரண்டு மொழியிலும் இருக்கும்.

அவர்களுடைய சொந்தப் பலகாரம் பார்பாஜுவான். கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துப் பொரிப்பது, நம் சோமாசின் உறவு. அந்தப் பெயருக்கு "ஜுவான் மாமா" என்று பொருள். நவம்பர் 19, நாட்டு விழாவன்று, எங்கள் சமையற்கூடத்தில் அதை மடித்து மடித்தே விரல் மரத்துப்போகும்.

பழஞ்சுவடி

நீஸ்நகர்வாசி எழுதியதைப் படித்த பிறகு, நான் விட்ட இரண்டு செய்திகளைச் சேர்க்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வெளியாரின் செல்வம் வந்து குவிய, மண்ணின் மக்கள் ஓரத்தில் நின்ற காலம் முன்பும் இருந்தது. கடலாய்வாளராக உலகம் போற்றிய முதலாம் ஆல்பர்ட், பாறையின் விளிம்பில் கடலியல் அருங்காட்சியகத்தைத் திறந்தது 1910-இல். அதே ஆண்டில்தான், வேலைகள் வெளியாருக்கே போகின்றன, எங்களுக்கென்று ஒரு சட்டமன்றமும் இல்லை என்று அவருடைய மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1911-இல் அவர்களுக்கு முதல் அரசமைப்புச் சட்டம் கிடைத்தது. 1962-இல், தெகோலோடு மோதிய அதே ஆண்டின் திசம்பரில், புதிய அரசமைப்பு வந்து, நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கும் வாக்குரிமை அளித்தது, மரண தண்டனையையும் நீக்கியது.

மற்றது வலி தரும் செய்தி. இரண்டாம் உலகப் போரிலிருந்து மொனாக்கோ தப்பவில்லை. 1942 நவம்பரில் இத்தாலியப் படையும் அடுத்த ஆண்டு ஜெர்மன் படையும் புகுந்தன. ஆனால் அதற்கும் முன்பே, 1942 ஆகஸ்டு 27 இரவில், மொனாக்கோவின் சொந்தக் காவல்துறையே அங்கே அடைக்கலம் தேடி வந்திருந்த யூதர்களை வீடுவீடாகத் தேடிப் பிடித்து, நாசிகளோடு ஒத்துழைத்த விசி பிரெஞ்சு அரசிடம் ஒப்படைத்தது. வலியவர்மேல் சாய்ந்து பிழைக்கும் வழியை நான் மேலே அறிவுடைமைபோலச் சொல்லியிருந்தேன். அந்த வழிக்கு அந்த இரவில் விலை கொடுத்தவர்கள் ஆட்சியாளர்கள் அல்லர். 2015 ஆகஸ்டு 27 அன்று, இன்றைய சிற்றரசர் இரண்டாம் ஆல்பர்ட் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த நினைவுச்சின்னத்தைத் திறந்துவைத்தார். எழுபத்து மூன்று ஆண்டுகள் ஆயிற்று.

பிரான்சைச் சார்ந்திருப்பது ஓரளவு தளர்ந்ததும் அண்மையில்தான். 1918 ஒப்பந்தப்படி, வாரிசு இல்லாமல் போனால் நாடு பிரான்சின் பாதுகாப்புக்குள் போய்விடும் என்ற நிலை இருந்தது. 2002 ஒப்பந்தம் அதை மாற்றியது. 1993-இல் ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பினரான பின்னும் ஒன்பது ஆண்டுகள் அந்த அச்சம் நீடித்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

வைகைக்கரை

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நான் கேட்டது மூன்று கேள்விகள், இப்போது என்னிடம் முப்பது இருக்கின்றன. அடுத்த சனவரியில் மகன் மறுபடியும் அழைத்திருக்கிறான். ஒரே ஒரு நாள் கிடைத்தால் எதைப் பார்க்கலாம்? பிரிந்துபோன அந்த மாந்தோனுக்கும் போக வேண்டும் என்று ஆசை.

நீஸ்நகர்வாசி

டீச்சர், சனவரி 26 மாலையில் வாருங்கள். நாட்டின் காவல் புனிதையான தேவோத்தாவின் திருநாளுக்கு முதல்நாள் அது. கோர்சிகாத் தீவில் கொல்லப்பட்ட அப்பெண்ணின் உடல் படகில் வந்து அந்தக் கரையில் ஒதுங்கியது என்பது அவர்கள் நம்பிக்கை. துறைமுகத்தை ஒட்டிய சிறு கோயிலின் முன்னே ஒரு படகை வைத்து, ஆட்சிக் குடும்பத்தாரே தீ மூட்டுவார்கள். அன்று அங்கே கப்பல்காரர்களைவிட ஊர்க்காரர்களே மிகுதியாக இருப்பார்கள்.

மறுநாள் ரயிலில் கிழக்கே போனால் சிறிது நேரத்தில் மாந்தோன் வந்துவிடும். பிப்ரவரி வரை தங்க முடிந்தால் அங்கே எலுமிச்சைத் திருவிழாவையும் பார்த்துவிடலாம். எங்கள் ஓட்டலுக்கு எலுமிச்சை அந்த ஊர்த் தோட்டங்களிலிருந்துதான் வருகிறது. இலையும் காம்புமாக, கூடையில் வரும்.